உங்க கட்டுரையை சுட்டு போட்டுட்டானா? திருடனை விடுங்க, அவனுக்கு இடம் குடுத்தவனை பிடிங்க

ராத்திரி முழிச்சு உக்காந்து நாலு தடவ அழிச்சு எழுதின கட்டுரை. ரெண்டு வாரம் கழிச்சு ஏதோ வேலையா கூகுள்ல தேடினா உங்க சைட்டுக்கு மேல இன்னொரு சைட் வந்து நிக்குது, என்னடா இதுனு உள்ள போனா உங்க வரி, உங்க படம், அவசரத்துல நீங்க விட்ட எழுத்துப்பிழை முதற்கொண்டு அப்படியே இருக்கு, எழுதினவர் பேர் மட்டும் 'அட்மின்'. சுத்தி பத்து விளம்பரம் வேற. வயிறு எரியும், எரியட்டும், ஆனா எரியற நேரத்துல மட்டும் கீபோர்டை தொடாதீங்க.

நான் தொட்டேன். முதல் தடவ எனக்கு இப்படி ஆனப்போ நேரா அந்த சைட்டோட காண்டாக்ட் ஃபார்முக்கு போய் கன்னாபின்னானு திட்டி எழுதினேன். பதில் ஒண்ணும் வரல. மறுநாள் பாத்தா முதல் பத்தியை லேசா மாத்தி வச்சிருந்தான், உள்ள என் சைட்டுக்கு போற லிங்க் ரெண்டு இருந்துச்சு அதை எடுத்துட்டான், அதுக்கும் மேல போட்ட தேதியை என் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி தள்ளி வச்சுட்டான்! பாக்கறவங்களுக்கு நான்தான் திருடன். என்கிட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட கிடையாது. அவன் சுத்தமா துடைச்சுட்டு போறதுக்கு நானே டைம் குடுத்திருக்கேன்.

அதுக்கப்புறம் நிறைய தடவ நடந்துச்சு, கத்துகிட்டது என்னன்னா திருடினவனோட மல்லுக்கட்டி பிரயோஜனம் ரொம்ப கம்மி. அவன் சைட் ஒண்ணும் காத்துல தொங்கல. ஒரு கம்பெனி சர்வர்ல இடம் குடுத்திருக்கு (ஹோஸ்டிங்னு சொல்றது இதைத்தான்), ஒண்ணு டொமைன் பேரை பதிவு பண்ணி குடுத்திருக்கு, ஒண்ணு சர்ச்ல காட்டுது, ஒண்ணு விளம்பரம் போட்டு காசு குடுக்குது. இவன் பண்ற வேலைக்கு நாம மாட்டிக்க கூடாதேங்கற பயம் அவங்க எல்லாருக்கும் இருக்கு. குடியிருக்கறவன் கதவை திறக்கலைன்னா வீட்டுக்காரர்கிட்ட போறோம்ல, அதே கதைதான்.

முதல்ல ஆதாரம், மத்ததெல்லாம் அப்புறம்

யாருக்கும் ஒரு வார்த்தை எழுதறதுக்கு முன்னாடி அவன் பக்கத்தை முழுசா எடுத்து வைங்க. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேல அட்ரஸ் பார் தெரியணும், வெறும் பத்தியை மட்டும் வெட்டி எடுத்தா அது எந்த சைட்னு யாருக்கு தெரியும். பிரவுசர்ல பிரிண்ட் குடுத்து பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க, ஹெடர் ஃபுட்டர் ஆப்ஷனை ஆன் பண்ணினா லிங்க்கும் தேதியும் தாள்லயே விழும். பக்கத்தோட சோர்ஸையும், அதாவது பின்னாடி இருக்கற கோடையும் சேவ் பண்ணுங்க, சோம்பேறி திருடனா இருந்தா படம் எல்லாம் உங்க சர்வர்ல இருந்தே ஓடிட்டிருக்கும், அது சோர்ஸ்ல பச்சையா தெரியும்.

ஆனா இதெல்லாம் நீங்களே எடுத்தது, நாளைக்கு ஒருத்தன் 'ஃபோட்டோஷாப் பண்ணிட்டாங்க'னு சொல்லலாம். அதனால மூணாவது ஆள் சாட்சி ஒண்ணு வேணும். இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின் அதுக்குதான், 2001ல இருந்து எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து வச்சிருக்காங்க, அதுல லிங்க்கை போட்டு பக்கத்தை அப்பவே சேமிக்கற வசதி இருக்கு. அவன் பக்கம், உங்க பக்கம், ரெண்டையும் சேமிங்க. உங்க பக்கம் ஏற்கனவே பழைய தேதியில அங்க இருந்தா அதிர்ஷ்டம்தான், ஏன்னா சைட்ல காட்டற தேதியை யார் வேணா மாத்தலாம், வேபேக்ல விழுந்த தேதியை அவனால மாத்த முடியாது. அன்னில இருந்து எனக்கு ஒரு பழக்கம், புதுசா எதை போட்டாலும் போட்ட உடனே அதை வேபேக்ல சேமிச்சுடறேன், அரை நிமிஷ வேலை.

உங்க பக்கத்து ஆதாரமும் வேணும். டிராஃப்ட், வேர்ட்பிரஸ்ல பழைய ரிவிஷன்கள், கூகுள் டாக்ஸ்ல இருக்கற வெர்ஷன் ஹிஸ்டரி இதெல்லாம் அழிக்காதீங்க. படம்னா கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல் பெரிய ஃபைல், அதுக்குள்ள எடுத்த தேதி, கேமரா மாடல் எல்லாம் இருக்கும். திருடனோட கையில சின்னதா சுருக்கின காப்பிதான் இருக்கும்.

இதெல்லாம் ஒரு ஷீட்ல போட்டு வைங்க: என் லிங்க், அவன் லிங்க், பாத்த தேதி, எதை எடுத்திருக்கான், யாருக்கு எழுதினேன், என்ன பதில். ஒரு வரிக்கு ஒரு பக்கம். 'அந்த சைட் முழுக்க என்னோடதுதான்'னு எழுதினா எந்த கம்பெனியும் எடுத்து பாக்காது, ஒவ்வொரு பக்கமா லிங்க் கேப்பாங்க.

எங்கெல்லாம் போயிருக்குனு தேடறது

கட்டுரையோட நடுவுல இருந்து, உங்களுக்கே உரிய மாதிரி இருக்கற ஒரு வரியை எடுத்து ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு தேடுங்க. முதல் வரியை தேடாதீங்க, அதைத்தான் அவனுங்க மாத்துவானுங்க, நடுவுல கை வைக்க சோம்பல். இதே வரியை கூகுள் அலர்ட்ஸ்ல போட்டு வச்சா புதுசா எங்க வந்தாலும் மெயில் வரும், எல்லாத்தையும் பிடிக்காது, ஆனா ஓசிதான. காப்பிஸ்கேப்னு ஒண்ணு 2004ல இருந்து இருக்கு, லிங்க் குடுத்தா அதே வரிகள் இருக்கற பக்கத்தை காட்டும். படத்துக்கு டின்ஐ, கூகுள் லென்ஸ், படத்தை குடுத்தா அது வேற எங்க இருக்குனு தேடி காட்டும். டின்ஐல எனக்கு பிடிச்சது, அவங்க பாத்ததுலயே பழசு எதுனு வரிசைப்படுத்தி காட்டும்.

சில பேர் பொறி வைப்பாங்க. வேணும்னே ஒரு வித்தியாசமான வார்த்தை, ஒரு இடத்துல ரெண்டு ஸ்பேஸ், இந்த மாதிரி. இதுல பெரிய கை ஜீனியஸ்ங்கற பாட்டு வரி சைட். வரிகள்ல வர்ற அப்பாஸ்ட்ரஃபியை சில இடத்துல நேராவும் சில இடத்துல வளைச்சும் போட்டு வச்சாங்க, அதை தந்தில புள்ளியும் கோடுமா அனுப்புவாங்களே அந்த மோர்ஸ் கோடா படிச்சா 'ரெட் ஹேண்டட்'னு வரும், அதாவது கையும் களவுமா! அதே வளைசல் கூகுளோட பாட்டு வரி பாக்ஸ்லயும் இருக்குனு 2019ல சொல்லி கேஸ் போட்டாங்க. கூகுள் நாங்க எடுக்கல, லைசென்ஸ் வாங்கின பார்ட்னர்கிட்ட இருந்து வருதுனு சொல்லிச்சு. கடைசில ஜீனியஸ் தோத்துடுச்சு, 2020ல தள்ளுபடி, 2022ல அப்பீல்லயும் அதே, 2023ல அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கல. ஏன்னா அந்த பாட்டு வரிகளோட காப்பிரைட் ஜீனியஸ்கிட்ட இல்ல, பாட்டு எழுதினவங்ககிட்டயும் அவங்க கம்பெனிகள்கிட்டயும்தான் இருக்கு. பொறி எவ்ளோ அழகா இருந்தாலும் உள்ள வச்ச பொருள் நம்மளோடதா இருக்கணும்.

இது நிஜமாவே திருட்டுதானானு ஒரு நிமிஷம்

இதை நிறைய பேர் தாண்டி போயிடறாங்க, அப்புறம் அசிங்கப்படறாங்க. நீங்க எழுதின ஐடியாவை வச்சு இன்னொருத்தர் தன் சொந்த வார்த்தையில எழுதினா அது காப்பிரைட் மீறல் கிடையாது, எரிச்சலா இருக்கும் ஆனா கிடையாது. காப்பிரைட் நீங்க எழுதின விதத்துக்குதான், உள்ள இருக்கற தகவலுக்கு இல்ல. ரெண்டு வரி எடுத்து உங்க பேர் போட்டு, அதை பத்தி ஒரு பக்கம் திட்டியிருந்தாலும் அது விமர்சனம், பெரும்பாலும் சட்டம் அவர் பக்கம் நிக்கும். நீங்களே எப்பவோ கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் போட்டு 'பேர் போட்டா எடுத்துக்கலாம்'னு விட்டிருந்தா, பேர் போட்டு எடுத்தவரை ஒண்ணும் பண்ண முடியாது, பேர் போடாம எடுத்திருந்தாதான் பிடிக்கலாம்.

அதே சமயம் 'அடியில நன்றினு உங்க சைட் பேர் போட்டிருக்கோமே'னு சொல்லிட்டு முழு கட்டுரையையும் எடுத்து போடறாங்க பாருங்க, அது அனுமதி ஆகாது. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேனு அள்ளி ஊத்திட்டு கடைசில ஒரு நன்றி. மொழிபெயர்த்து போட்டா திருட்டு இல்லைனும் ஒரு நம்பிக்கை ஓடுது, தப்பு, மொழிபெயர்க்க அனுமதி குடுக்கற உரிமையும் எழுதினவருக்குதான்னு பெர்ன் ஒப்பந்தத்துல, அதாவது காப்பிரைட்டுக்காக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. அந்த ஒப்பந்தம் 1886ல வந்தது, இப்ப 180 நாடுகளுக்கு மேல அதுல இருக்கு. நீங்க எழுதி முடிச்ச நிமிஷமே காப்பிரைட் உங்களோடதுங்கறதும் அதனாலதான், பதிவு பண்ணணும்னோ வட்டத்துக்குள்ள சி போடணும்னோ கட்டாயம் இல்ல. போட்டா ஒரு எச்சரிக்கை மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

ஏஐயில போட்டு வார்த்தைகளை மாத்தி போடறவங்க கேஸ் கொஞ்சம் சிக்கல். வாக்கிய வரிசை, உதாரணம், பத்தி அமைப்பு எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போனா பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டி வாதாடலாம், ஆனா ஹோஸ்டிங் கம்பெனில உக்காந்திருக்கறவர் அவ்ளோ பொறுமையா படிக்க மாட்டார். நான் அதை விட்டுடறேன், நேரடி காப்பியை மட்டும் துரத்தறேன்.

சைட்காரருக்கு மெயில் போடலாமா

ஆள் யாருங்கறதை பொறுத்தது. சைட்ல நிஜ பேர், நிஜ நிறுவனம், ஏதோ சங்கம், காலேஜ் பசங்க, இந்த மாதிரி இருந்தா கண்டிப்பா முதல்ல மெயில்தான். நெட்ல இருக்கறது எல்லாம் எல்லாருக்கும் பொதுனு நினைக்கற அப்பாவிங்க நிஜமாவே இருக்காங்க, ஒரு மெயில்ல எடுத்துட்டு மன்னிப்பும் கேப்பாங்க. எழுதறது ரொம்ப சிம்பிள்:

'வணக்கம். உங்க சைட்ல இந்த லிங்க்ல இருக்கற கட்டுரை நான் எழுதினது, ஒரிஜினல் இந்த லிங்க்ல இந்த தேதியில வந்தது. என் அனுமதி இல்லாம முழுசா போட்டிருக்கீங்க. ஏழு நாளுக்குள்ள எடுத்துடுங்க. வேணும்னா முதல் பத்தியை மட்டும் வச்சுகிட்டு மிச்சத்துக்கு என் பக்கத்துக்கு லிங்க் குடுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எடுக்கலைன்னா உங்க ஹோஸ்டிங் கம்பெனிக்கும் கூகுளுக்கும் புகார் அனுப்ப வேண்டியிருக்கும்.'

திட்டு வேண்டாம், 'என் வக்கீல் பாத்துப்பார்'னு வக்கீலே இல்லாம உதார் விடறதும் வேண்டாம். இந்த மெயில் நாளைக்கு யார் கண்ணுலயும் படலாம்னு நினைச்சு எழுதுங்க.

ஆனா பேர் 'அட்மின்', அபௌட் பக்கம் காலி, ஒரு நாளைக்கு இருநூறு கட்டுரை வந்து விழுது, ஒண்ணு கிரிக்கெட் ஒண்ணு மருந்து ஒண்ணு கடன்னு கலந்து கட்டினா, அங்க மனுஷனே இல்ல, போட் (bot), அதாவது தானா ஓடற புரோகிராம்தான் அள்ளி கொட்டுது. அதுக்கு மெயில் போடறது செவுத்துகிட்ட பேசற மாதிரி. நேரா அடுத்த படி.

வீட்டுக்காரர் யாருனு கண்டுபிடிக்கறது

இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. டொமைன் பேர் பதிவு பண்ணி குடுத்த கம்பெனி வேற, சைட் ஓடற சர்வர் கம்பெனி வேற. டொமைன் பேர்களை மேற்பார்க்கற ஐகேன் அமைப்போட லுக்கப் பக்கத்துல டொமைனை போட்டா பதிவு பண்ணின கம்பெனி பேரும் அவங்க புகார் மெயிலும் வரும். சைட் ஓனர் பேர் பெரும்பாலும் மறைச்சிருக்கும், 2018ல ஜிடிபிஆர்னு ஐரோப்பாவோட தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்ததுல இருந்து அது வழக்கமாயிடுச்சு, பரவால்ல, நமக்கு அவன் பேரே வேண்டாம். பதிவு கம்பெனி பெரும்பாலும் 'கன்டென்ட் எங்ககிட்ட இல்ல, ஹோஸ்டிங்கை கேளுங்க'னு கை விரிச்சுடும், அதுவும் நியாயம்தான்.

ஹோஸ்டிங்கை பிடிக்க, டொமைனோட ஐபி நம்பரை, அதாவது சர்வரோட நெட் முகவரியை எடுங்க, கம்ப்யூட்டரோட கமாண்ட் விண்டோல பிங் (ping)னு போட்டு டொமைன் பேரை அடிச்சா போதும், இல்லைன்னா ஆன்லைன்ல டிஎன்எஸ் டூல் ஆயிரம் இருக்கு. அந்த ஐபியை ஹூயிஸ்ல (whois, யாருக்கு சொந்தம்னு காட்டற தேடல்) போட்டா அந்த நம்பர் எந்த நெட்வொர்க்குக்கு சொந்தம், புகார் எந்த மெயிலுக்குனு வரும். எதுவுமே கிடைக்கலைன்னா 'அப்யூஸ்'னு போட்டு அட் போட்டு கம்பெனியோட டொமைன் போட்டு அனுப்பி பாருங்க, புகாருக்கு அந்த பேர்ல ஒரு மெயில்பாக்ஸ் வச்சிருக்கணும்னு 1997லயே இன்டர்நெட் ஸ்டாண்டர்ட்ல எழுதி வச்சிருக்காங்க, நிறைய கம்பெனி இன்னும் அதை கடைபிடிக்குது. அமெரிக்காவுல இயங்கற கம்பெனின்னா அந்த நாட்டு காப்பிரைட் ஆபீஸ் வச்சிருக்கற ஏஜென்ட் லிஸ்ட்ல தேடினா, நோட்டீஸ் யாருக்கு போகணும்னு சரியான அட்ரஸே கிடைக்கும்.

ஐபியை தேடினா கிளவுட்ஃப்ளேர்னு வந்தா அங்கயே நின்னுடாதீங்க. அவங்க பெரும்பாலும் நடுவுல நிக்கற திரைதான், சைட் இருக்கற இடம் பின்னாடி வேற எங்கயோ. அவங்க சைட்ல காப்பிரைட் புகார் ஃபார்ம் இருக்கு, நிரப்பினா உங்க புகாரை பின்னாடி இருக்கற ஹோஸ்டிங்குக்கு அனுப்பிடுவாங்க, அது எந்த கம்பெனிங்கறதும் உங்களுக்கு பதில்ல வரும், அப்புறம் நீங்க நேராவே பேசலாம். உங்க விவரம் சைட்காரனுக்கும் போக வாய்ப்பு இருக்கு, அதனால வீட்டு அட்ரஸ் எழுதறதுக்கு முன்னாடி ஃபார்ம்ல என்ன சொல்லியிருக்குனு படிங்க.

நோட்டீஸ் எழுதறது

டிஎம்சிஏனு எல்லாரும் சொல்றது 1998ல வந்த அமெரிக்க சட்டம். அதோட சாரம் என்னன்னா, யாரோ ஏத்தின திருட்டு சரக்குக்கு ஹோஸ்டிங் கம்பெனி பொறுப்பில்ல, ஆனா முறையா புகார் வந்தா சீக்கிரமா எடுக்கணும், எடுக்கலைன்னா அந்த பாதுகாப்பு போயிடும். அதனாலதான் பயப்படறாங்க. இதை அனுப்ப நீங்க அமெரிக்காவுல இருக்கணும்னு இல்ல, எந்த நாட்டுல இருந்தும் அனுப்பலாம், வாங்கறவங்க அங்க இருந்தா சரி. ஐரோப்பாவுல இருக்கற ஹோஸ்டிங்னா டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்னு 2024 பிப்ரவரில இருந்து முழுசா அமல்ல இருக்கு, புகார் வாங்கறதுக்கு எளிமையான வழி வச்சே ஆகணும்னு அதுல கட்டாயம்.

டிஎம்சிஏ நோட்டீஸ்ல ஆறு விஷயம் இருந்தாகணும், ஒண்ணு விட்டாலும் குப்பைல போட அவங்களுக்கு சாக்கு கிடைச்சுடும். உங்க படைப்பு எது, அதோட ஒரிஜினல் லிங்க். திருட்டு பக்கத்தோட சரியான லிங்க், ஹோம் பேஜ் இல்ல. உங்களை தொடர்பு கொள்ள விவரம். இந்த பயன்பாட்டுக்கு உரிமையாளரோ சட்டமோ அனுமதி குடுக்கலைனு நான் மனசார நம்பறேன்னு ஒரு வரி. இதுல சொன்ன தகவல் சரியானது, உரிமையாளர் நான்தான் இல்லைன்னா அவர் சார்பா செயல்பட எனக்கு அதிகாரம் இருக்கு, பொய் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு இதை சொல்றேன்னு ஒரு வரி. கடைசில கையெழுத்து, மெயில்னா முழு பேரை டைப் பண்ணினாலே பெரும்பாலும் ஏத்துக்கறாங்க. இங்கிலீஷ்ல அனுப்புங்க, படிக்கறவருக்கு தமிழ் தெரியாது. கட்டுரை தமிழ்ல இருக்கறதால இன்னொரு வேலையும் சேர்த்து பண்ணுங்க, ஒரிஜினலையும் காப்பியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே படமா இணைச்சு அனுப்புங்க, மொழி தெரியாதவர் கண்ணுக்கும் ஒண்ணு போல இருக்குனு தெரியும். என் அனுபவத்துல பக்கம் பக்கமா எழுதின விளக்கத்தை விட இந்த ஒரு படம் வேகமா வேலை செஞ்சுது.

கோவத்தை இங்க கொட்டாதீங்க. 'மூணு வருஷ உழைப்பு சார்'னு உருக்கமா எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல, படிக்கறவர் அந்த ஆறு இருக்கானு டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்கு போயிடுவார்.

பொய்யா அனுப்பறது விளையாட்டு இல்லைங்கறதையும் சொல்லிடறேன். உங்களை பத்தி மோசமா எழுதினவரை அடக்க இதை யூஸ் பண்ணலாமேனு தோணும், நிறைய பேர் பண்றாங்க. அப்படி ஒரு பொய் நோட்டீஸ் அனுப்பினவர் மேல வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்தற ஆட்டோமேட்டிக் கம்பெனி கேஸ் போட்டு, 2015ல கோர்ட் சுமார் 25,000 டாலர் குடுக்க சொல்லிச்சு.

எதிர் தரப்புக்கும் பதில் நோட்டீஸ் குடுக்க உரிமை உண்டு. 'இது என்னோடதுதான்'னு அவன் சட்டப்படி எழுதி குடுத்தா, நீங்க கேஸ் போடலைன்னா 10ல இருந்து 14 வேலை நாளுக்குள்ள ஹோஸ்டிங் அதை திரும்ப போட்டுடும். ஆனா அதுல அவன் நிஜ பேர், அட்ரஸ் குடுத்து கோர்ட் அதிகாரத்தை ஒத்துக்கணும். போட் வச்சு அள்ளறவன் அட்ரஸ் குடுக்கவா போறான்.

கூகுள்ல இருந்து தூக்கறது

சில ஹோஸ்டிங் கம்பெனிகள் டிஎம்சிஏ புகாரை கண்டுக்க மாட்டோம்னு சொல்லியே ஆள் பிடிக்குது. அங்க எத்தனை மெயில் போட்டாலும் நடக்காது. அப்ப பக்கத்தை அழிக்க முடியாது, ஆனா யார் கண்ணுக்கும் தெரியாம பண்ணலாம். கூகுள்ல சட்டப்படி நீக்க கேக்கற ஃபார்ம் இருக்கு, அதுல வெப் சர்ச்சை தேர்ந்தெடுத்து, காப்பிரைட்னு குடுத்து, ஒரிஜினல் லிங்க், திருட்டு லிங்க் எல்லாம் போடணும், ஒரே ஃபார்ம்ல நிறைய லிங்க் போடலாம். பிங்குக்கு தனி ஃபார்ம். ஹோஸ்டிங் பதில் வரட்டும்னு காத்திருக்காதீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல அனுப்புங்க. தேடி வர்றவங்க நின்னுட்டா அந்த திருட்டு பக்கத்தால அவனுக்கு ஒரு லாபமும் இல்ல. அதுவும் போக, ஒரு சைட் மேல செல்லுபடியாகற புகார் நிறைய குவிஞ்சா அந்த முழு சைட்டையே தேடல்ல கீழ தள்ளுவோம்னு கூகுள் 2012லயே அறிவிச்சுது, அதனால உங்க ஒரு புகார் அவனால பாதிக்கப்பட்ட மத்தவங்க புகாரோட சேர்ந்து எடை கூடும்.

ஒரு எச்சரிக்கை, புனைபெயர்ல எழுதறவங்க முக்கியமா கவனிங்க. கூகுள் இந்த நோட்டீஸோட காப்பியை லூமன்னு ஒரு பொது டேட்டாபேஸுக்கு அனுப்புது, உங்க போன் நம்பர் மாதிரி விவரங்களை மறைச்சுடுவாங்க ஆனா அனுப்பினவர் பேர் தெரியும். பேர் வெளிய வர கூடாதுன்னா உங்க சார்பா வேற ஒருத்தரை அதிகாரம் குடுத்து அனுப்ப சொல்லுங்க.

அடுத்து காசு. பக்கத்துல கூகுள் விளம்பரம் ஓடினா, அந்த விளம்பரத்தை நடத்தற ஆட்சென்ஸ்ல காப்பிரைட் மீறலை புகார் பண்ண தனி வழி இருக்கு, விளம்பரம் நின்னா பாதி பேர் அந்த பக்கத்தை தானாவே விட்டுடுவாங்க, ஏன்னா அவன் எடுத்ததே அந்த காசுக்குதான், உங்க எழுத்து மேல அவனுக்கு ஒரு பாசமும் இல்ல. ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப், பின்ட்ரெஸ்ட் எல்லாத்துக்கும் அவங்கவங்க காப்பிரைட் ஃபார்ம் இருக்கு, அங்க ஹோஸ்டிங் தேடற தொல்லையே இல்ல, நேரா ஃபார்ம்தான். சாதாரண 'ரிப்போர்ட்' பட்டனை அமுக்கிட்டு காத்திருக்காதீங்க, அது வேற வரிசை.

கோர்ட்

பெரும்பாலான கேஸ்ல அவ்ளோ தூரம் போகாது, போகவும் வேண்டாம். ஆனா உங்க எழுத்தை வச்சு ஒரு பெரிய கம்பெனி நிஜமா சம்பாதிச்சிருந்தா கணக்கு வேற. அமெரிக்காவை பொறுத்தவரை, அவங்க நாட்டு படைப்புக்கு கேஸ் போடணும்னா காப்பிரைட் ஆபீஸ் பதிவு பண்ணி குடுத்திருக்கணும்னு 2019ல அங்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. திருட்டுக்கு முன்னாடியே, இல்லைன்னா வெளியிட்ட மூணு மாசத்துக்குள்ள பதிவு பண்ணியிருந்தா ஒரு படைப்புக்கு 750ல இருந்து 30,000 டாலர் வரைக்கும், வேணும்னே பண்ணினதுனு நிரூபிச்சா 1,50,000 டாலர் வரைக்கும் சட்டமே நஷ்ட ஈடு வச்சிருக்கு. பதிவை தள்ளி போட்டா எவ்ளோ நஷ்டம்னு நீங்களே கணக்கு காட்டி நிரூபிக்கணும், அது நடக்கற காரியமா. சின்ன தொகைக்கு 2022ல காப்பிரைட் கிளெய்ம்ஸ் போர்டுனு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 30,000 டாலர்தான் உச்சம், எதிராளி 60 நாளுக்குள்ள 'நான் வரல'னு சொன்னா அங்க முடியாது. மத்த நாட்டுக்கு அந்தந்த நாட்டு வக்கீலைதான் கேக்கணும்.

அடுத்த தடவ கொஞ்சம் கஷ்டப்பட்டு திருடட்டும்

ரைட் கிளிக்கை தடுக்கற ஸ்கிரிப்ட் போடறாங்க பாருங்க, அதை மட்டும் போடாதீங்க. போட்டுக்கு மவுஸே கிடையாது, உங்க நிஜ வாசகர் ஒரு வரியை நண்பருக்கு காப்பி பண்ண முடியாம உங்களை திட்டுவார். 'இங்க வராத'னு போட்டுக்கு சொல்ற ரோபோட்ஸ் டெக்ஸ்ட் (robots.txt) ஃபைலும் மரியாதை தெரிஞ்ச போட்டுக்கு மட்டும்தான், திருட வர்றவன் கேட்ல தொங்கற போர்டை படிச்சுட்டா வருவான்.

நிஜமா உதவறது ஆர்எஸ்எஸ் ஃபீட், அதாவது புது கட்டுரை வந்ததும் தானா வெளிய போற பட்டியலை சரி பண்றது. தானியங்கி திருட்டு நிறைய அது வழியாதான் நடக்குது, முழு கட்டுரையும் ஃபீட்ல போகற மாதிரி வச்சிருப்போம், நமக்கே தெரியாது. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ் உள்ள ரீடிங் பக்கத்துல முழுசா சுருக்கமானு ஒரு ஆப்ஷன் இருக்கு, சுருக்கம்னு மாத்துங்க. அடுத்தது கட்டுரைக்குள்ளயே உங்க மத்த கட்டுரைக்கு நாலஞ்சு லிங்க், முழு அட்ரஸோட குடுங்க. போட் படிக்காம அள்ளும்போது அந்த லிங்க்கும் சேர்ந்து போகும், அவன் பக்கத்துல இருந்தே வாசகர் உங்ககிட்ட வருவார், உங்களுக்கு யாராவது லிங்க் குடுத்தா சொல்ற பிங்பேக் வசதி ஆன்ல இருந்தா திருட்டு நடந்ததும் உங்களுக்கே தகவல் வர வாய்ப்பு இருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் கனானிகல் டேக் இருக்கட்டும், ஒரிஜினல் எதுனு சர்ச் இன்ஜினுக்கு சொல்றது அது, சில போட் அதையும் சேர்த்தே காப்பி பண்ணிட்டு போய் தன் பக்கத்துலயே உங்களை ஒரிஜினல்னு எழுதி வச்சுக்கும், எனக்கு ஒரு தடவ நடந்துச்சு, ரொம்ப நேரம் சிரிச்சேன்.

படத்தை உங்க சர்வர்ல இருந்தே இழுக்கறான்னா ஹாட்லிங்க் தடுப்பை, அதாவது வேற சைட் உங்க படத்தை இழுக்க விடாம பண்ற வசதியை ஆன் பண்ணுங்க, ஹோஸ்டிங் பேனல்லயே இருக்கும். ஆனா கூகுள் மாதிரி நல்லவங்களை விதிவிலக்கா போட மறக்காதீங்க, இல்லைன்னா இமேஜ் சர்ச்ல நீங்களே காணாம போயிடுவீங்க. இல்ல கொஞ்சம் குறும்பா பண்ணணும்னா, உங்க பக்கத்துல படத்தை வேற ஃபைல் பேர்ல மாத்தி வச்சுட்டு, பழைய பேர்ல 'இந்த கட்டுரை திருடப்பட்டது, ஒரிஜினல் இங்க இருக்கு'னு உங்க சைட் பேரோட ஒரு படத்தை போட்டு வைங்க. அவன் சைட்ல அவனே போஸ்டர் ஒட்டின மாதிரி தொங்கும். முதல்ல ஆதாரம் எடுத்துட்டு பண்ணுங்க, அசிங்கமான படம் எதுவும் வேண்டாம், பாக்கறது அவன் இல்ல, வாசகர்கள்.

எல்லாத்தையும் துரத்தணும்னு இல்ல. தேடல்ல உங்களுக்கு மேல வருதா, உங்க பேரை எடுத்துட்டு வேற பேர் போட்டிருக்கா, மருந்து மாதிரி விஷயத்துல தப்பா மாத்தி போட்டு ஆளுக்கு ஆபத்தா, இந்த மூணுல ஒண்ணு இருந்தா நான் உக்காந்து நோட்டீஸ் எழுதறேன். நாப்பதாவது பக்கத்துல யாரும் பாக்காம கிடக்கற குப்பை சைட்டுக்கு எழுதற நேரத்துல இன்னொரு கட்டுரை எழுதிடலாம்.

எடுத்துட்டாங்கனு பதில் வந்ததும் ஷீட்டை மூடிடாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே நடு வரியை திரும்ப தேடுங்க, தலைப்பை மாத்தி புது லிங்க்ல திரும்ப போடறது இவனுங்களுக்கு வழக்கம். அப்படி போட்டிருந்தா ரெண்டாவது நோட்டீஸ்ல பழைய புகாரோட தேதி, டிக்கெட் நம்பர் எல்லாம் சேர்த்து, இதே ஆள் திரும்ப திரும்ப பண்றார்னு தனியா ஒரு வரி எழுதுங்க. அடிக்கடி மீறறவங்களோட அக்கவுண்ட்டை மூடற ஒரு கொள்கை இருந்தாதான் டிஎம்சிஏ பாதுகாப்பே ஹோஸ்டிங் கம்பெனிக்கு கிடைக்கும், அதனால அந்த வரியை பாத்ததும் வேகமே மாறும். எனக்கு மூணாவது நோட்டீஸ்ல பக்கம் இல்ல, சைட்டே போச்சு.